எழுந்து நிற்கும் கார்

அந்தப் பழைய பிரெஞ்சு கார் எஞ்சினை அணைத்தால் மெல்லத் தரையோடு படுத்துவிடும். ஸ்டார்ட் செய்தால் உடம்பைத் தூக்கிக்கொண்டு எழும். ஞாயிறுதோறும் முதலாளி தேவசகாயம் விருந்தாளிகளுக்கு அதை எழுப்பிக் காட்டுவார். அவர்கள் கைதட்டியதும் அணைத்துவிடுவார்.

"இன்னிக்காவது பெரிய கேட்டைத் திறப்பாரா?" என்று கார் கேட்கும்.

"பதினோரு வருஷமா இதையேதான் கேக்குற," என்றது ஹெட்லைட்டுக்குள் குடியிருந்த பல்லி. "ஒரு தடவை எழுந்திருக்காமப் படுத்துக் கிட. ரிப்பேருக்காவது வெளியே கொண்டுபோவார்."

அந்த ஞாயிறு கார் எழவில்லை.

மறுநாள் பெரிய கேட் திறந்தது. காருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உள்ளே வந்தது செங்கல் வண்டி. ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, அடியில் செங்கல் அடுக்கினார்கள்.

"இனிமே ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம்," என்றார் தேவசகாயம், நிம்மதியாக.

அடுத்த ஞாயிறும் விருந்தாளிகள் கைதட்டினார்கள். கார் எதுவும் கேட்கவில்லை. அதன் சக்கரங்கள் தரைக்கு ஒரு விரற்கடை மேலே தொங்கிக்கொண்டிருந்தன.