அணில்கள் பார்த்த பக்கம்

"பூனை வந்துட்டா அணில் தலைகீழா நின்னுக்கிட்டு விடாமக் கத்தும். அது மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கோ, அந்தப் பக்கம்தான் பூனை" என்றாள் பூங்காவைச் சுற்றிக் காட்டிய ஜெசிந்தா. "ரொம்பக் கிட்ட வந்துட்டா மட்டும் கத்தாது. மரத்தோட மரமா ஒட்டிக்கும்."

கல்யாணமாகி எட்டாம் நாள் கணவனோடு வந்திருந்த மேகலா சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டாள். அப்போதே நாகலிங்க மரத்தில் ஓர் அணில் கத்தத் தொடங்கியது. ஜெசிந்தா புதரை விலக்கிப் பார்த்தாள். பூனை இல்லை. மருத மரத்தடிக்கு நகர்ந்தார்கள். அங்கே இரண்டு கத்தின. அல்லிக்குளத்தருகே நின்ற புங்கமரத்தில் எத்தனை என்றே தெரியவில்லை.

"பூனை நம்ம கூடவே வருது போல" என்று சிரித்தான் முகுந்தன். பெண் பார்க்க வந்த அன்று வீடே மெச்சிய அதே சாதுவான சிரிப்பு.

தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி மேகலா குழாயடிக்கு விலகினாள். அங்கிருந்து மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றுகூட அவள் பக்கம் திரும்பவில்லை. ஜெசிந்தா பக்கமும் இல்லை. முகுந்தன் குளக்கரையில் நடக்க நடக்க, அத்தனை மூஞ்சிகளும் அவனோடு நகர்ந்தன.

அவன் நேராக அவளிடம் வந்தான். ஈரம் காயாத அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. வீட்டுக்குப் போலாமா?"

பூங்கா முழுக்கச் சத்தம் நின்றுபோனது. தூரத்தில் ஜெசிந்தா கையசைத்து விடைகொடுத்தாள். அவளைக் கூப்பிட வாய் திறந்த மேகலாவுக்கு மூச்சுகூட வெளியே வரவில்லை.