வாயில் விரல்

வெண்ணிலா வாயில் வைத்த விரலை எடுக்கவேயில்லை. வைக்கச் சொன்னது ஜெசிந்தா டீச்சர்தான். திங்கள்கிழமை கணக்கு வகுப்பில் பர்வீன் சுண்டுவிரலைத் தூக்கித் தூக்கிக் காட்டியும் டீச்சர் அவளை வெளியே விடவில்லை. கடைசியில் பெஞ்சு நனைந்தது; வகுப்பே சிரித்தது. பக்கத்தில் இருந்த வெண்ணிலா மட்டும் எழுந்து, "அவ கேட்டா டீச்சர், நீங்கதான் விடல" என்றாள். "உன்ன யாருடி கேட்டா? வாயில விரல வை!" வைத்தாள். வீட்டில் அம்மா அந்த விரலுக்குப் பக்கவாட்டில் சோற்றை ஊட்டினாள். தூக்கத்திலும் அது நழுவவில்லை. "போதும், எடு" என்றார் டீச்சர் மறுநாள். எடுக்கவில்லை. "என்னடி, கோந்து போட்டு ஒட்டிட்டியா?" இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் பிடித்து இழுத்துப் பார்த்தார். சுவரில் அறைந்த ஆணிபோல அது அசையாமல் இருந்தது. மாலைக்குள் பர்வீனின் உதட்டிலும் ஒரு விரல் ஏறியிருந்தது. புதன்கிழமை அது கடைசி பெஞ்சுவரை போய்விட்டது. டீச்சர் வாய்ப்பாடு கேட்டால் அவர் குரல் மட்டும் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. வியாழக்கிழமை, வகுப்பு பாதி நடந்துகொண்டிருந்தபோது, பர்வீன் எழுந்து நின்றாள். வலதுகை விரல் வாயில் இருக்க, இடதுகைச் சுண்டுவிரலை மெல்ல உயர்த்தினாள். வெண்ணிலாவும் எழுந்து உயர்த்தினாள். பிறகு வகுப்பு முழுவதும் எழுந்தது. டீச்சர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அவர் கையில் சாக்பீஸ் ஒடிந்தது. வெண்ணிலா தன் உதட்டிலிருந்து விரலை எடுக்காமல், டீச்சருடைய உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.