பாலம் முடியும் இடம்

விளக்குக்காரன் பாலத்தின் முதல் பலகையில் கால் வைத்ததும் அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தாறு வயதுப் பெண். செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை. மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடும் கை அவளுடையது. அந்தக் கை இப்போது திரையில் ஓடும் ஒரு கட்டைவிரல் உயர மனிதனுக்காகக் கன்ட்ரோலரை இறுகப் பிடித்திருந்தது.

பாலத்தில் மூன்று இடங்களில் பலகை இல்லை. முதல் இரண்டையும் யார் வேண்டுமானாலும் தாண்டலாம். மூன்றாவதுதான் உயிரை வாங்கும்.

சிறுவயதில் அந்த இடம் வந்ததும் அவள் கன்ட்ரோலரை அப்பாவிடம் நீட்டிவிடுவாள். அவர் அலட்டிக்கொள்ளாமல் தாண்டுவார். விளக்குக்காரன் அக்கரையில் இறங்குவான், திரை இருட்டும். உடனே அப்பா சுவிட்சை அணைத்துவிட்டு வயரைச் சுற்ற ஆரம்பிப்பார்.

"அவ்வளவுதாம்மா, ஆட்டம் முடிஞ்சுது."

அப்பாவுக்கு வெளியூரில் வேலை. ஞாயிறு மதியம் வருவார், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவார். விளையாட்டுப் பெட்டியைத் துணிப்பையில் கொண்டுவந்து துணிப்பையிலேயே எடுத்துப் போவார். தங்கியிருக்கும் இடத்தில் அவருக்கும் பொழுது போக வேண்டுமே என்று அம்மா சொல்வாள்.

அவள் ஒற்றைப் பிள்ளை. வாரம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்துக்காகவே காத்துக் கிடப்பாள். அதற்குப் பிறகு வாழ்க்கையில் என்னென்னவோ வந்து போயின, ஒரு கல்யாணம்கூட வந்து போனது. அந்த ஞாயிறுகள் மட்டும் போகவில்லை. தன் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆட்டத்தைக் கடைசிவரை ஆடிய மனிதர் ஒருவர் உண்டு என்ற நினைப்புத்தான் அவளுக்கு இருந்த ஒரே பிடிமானம்.

கூட வேலை செய்பவர் ஒருவர் போன வருடம் அவளுடைய லேப்டாப்பில் எமுலேட்டர் போட்டுக் கொடுத்தார். பழைய ஆட்டங்களையெல்லாம் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிக்காட்டும் வித்தை அது. படம் அச்சு அசல். இசையும் அதேதான். ஆனால் பொத்தானை அழுத்தினால் விளக்குக்காரன் ஒரு கண்ணிமைப்பு நேரம் யோசித்துவிட்டுத்தான் குதித்தான். மூன்றாவது இடைவெளியில் அந்த யோசனை ஒன்றே போதும், நேரே பள்ளம்தான்.

விழுந்தால் பின்னோக்கி ஓட்டிக்கொள்ளலாம், வேண்டிய இடத்தில் சேமித்தும் வைக்கலாம் என்று அவர் ஆசை காட்டினார். அவளுக்கு அது பிட் அடித்துப் பாஸாவது போலிருந்தது. நூறு தடவையாவது விழுந்திருப்பாள். ஒருமுறைகூடப் பின்னோக்கி ஓட்டவில்லை.

அப்புறம்தான் அந்தப் பழைய பெட்டியையே மறுபடி செய்து விற்கத் தொடங்கினார்கள். அதே சாம்பல் நிறம், அதே சதுரப் பொத்தான்கள், அழுத்தினால் அதே 'டொக்'. வயர் மட்டும் கொஞ்சம் நீளம். கூட வந்த கையேட்டை அவள் பிரிக்கவே இல்லை. முடிவு தெரிந்த ஆட்டத்துக்குக் கையேடு எதற்கு?

முதல் இடைவெளி. இரண்டாவது இடைவெளி.

மூன்றாவதன் விளிம்பில் பழக்க தோஷத்தில் கன்ட்ரோலரை வலது பக்கம் நீட்டப் போனாள். அங்கே சோபாவின் கால்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

அழுத்திய அதே நொடியில் விளக்குக்காரன் குதித்தான். அக்கரையில் இறங்கினான்.

திரை இருட்டியது. சுவிட்சை அணைக்க யாரும் இல்லை. அவள் கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது திரையில் வெளிச்சம் வந்திருந்தது.

ஒரு குகை. வாசலில் விளக்குக்காரன் நின்றுகொண்டிருந்தான். மேல் மூலையில் இரண்டு என்ற எண். இத்தனை வருடமாக முடிவு என்று அவள் நினைத்திருந்தது முதல் கட்டத்தின் முடிவுதான்.

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பாவம் அப்பா, இருட்டினால் முடிந்துவிட்டது என்று நினைத்து அணைத்திருக்கிறார்! இன்னும் மூன்று நொடி பொறுத்திருந்தால் அவரும் பார்த்திருப்பார். அப்பனும் மகளும் சரியான ஜோடிதான்.

அப்பா இருக்கும் முதியோர் இல்லத்துக்கு வழக்கமாக ஐந்து மணிக்குத்தான் போன் செய்வாள். இன்று அதுவரை இருப்புக் கொள்ளவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள். பாலத்தைத் தானே தாண்டிவிட்டதை, ஆட்டம் அதோடு முடியவில்லை என்பதை, ஏதோ குகை வருகிறது என்பதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அப்பாவின் குரலில் சட்டென்று பத்து வயது குறைந்தது.

"குகைதானே? நேரே போனா ரெண்டு ஏணி வரும் பாரு, இடது ஏணியில ஏறு. சின்னவன் எப்பப் பாரு வலது பக்கம் ஏறி வவ்வால்கிட்ட மாட்டிப்பான், சொன்னா கேக்கவே மாட்டான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவ்வளவு ஆசையான சிரிப்பை அவள் அவரிடம் கேட்டதே இல்லை.

அவர்கள் வீட்டில் சின்னவன் என்று யாரும் இருந்ததில்லை.

யார் அது என்று கேட்க வாய் வரை வந்தது. அவர் இன்னும் குகையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்து வரும் கோட்டையைப் பற்றியும் பேசினார்.

அவள் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு நேரே போனாள். ஏணிகள் இரண்டு இருந்தன.

இடது ஏணியில் ஏறினாள். வழி சரியாகத்தான் இருந்தது.