முதல் லைக்

மாளவிகாவும் கணவன் கேசவும் கிளவுடில் சர்வர் வாடகைக்கு எடுத்து, நண்பர்கள் படம் பகிர ஒரு செயலி உருவாக்கியிருந்தார்கள். கேசவ் விபத்தில் இறந்த பிறகும், அவள் எந்தப் படம் போட்டாலும் முதல் லைக் அவன் கணக்கிலிருந்தே வந்தது.

அன்று அலுவலகத்தில் மறுபடியும் வந்தது. அவள் போனைப் பக்கத்து இருக்கைக்காரனிடம் நீட்டினாள்.

"பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும், ஷிபின்."

"ஹேக்கராயிருக்கும் சேச்சி. பேடிக்க வேண்டாம், கணக்கையே அழிச்சிரலாம்," என்றான் உடன் வேலை செய்யும் மலையாளி ஷிபின். "கிளவுடில இருக்கிற பேக்கப்பும் போயிரும். பின்னே திரும்பக் கிடைக்காது, கேட்டோ?"

கேசவின் படங்கள், அவன் எழுதியவை எல்லாம் அதில்தான் இருந்தன. ஆனாலும் பயம் தாங்கவில்லை. சர்வருக்குள் போய் அவளே அழித்தாள்.

கிழக்கேகோட்டையில் வீட்டுக்குள் நுழைந்தபோது, மாமனார் சேஷன் ஒரு பழைய போனைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாளு, கேசவ் புதுசு வாங்கினப்போ தன்னோடதை எனக்குக் கொடுத்த போன்ம்மா இது. தினம் இதுல உன் படம் வரும். நீ சிரிச்சுண்டிருந்தா அந்தச் சிவப்பு ஹார்ட்டைத் தொடுவேன். நேர்ல சொல்லத் தெரியலை. இன்னிக்கு உன்னையும் காணலை, அவனையும் காணலை. கொஞ்சம் சரி பண்ணிக் கொடேன்."

மாளவிகா போனை வாங்கிக்கொண்டாள். திரும்பக் கிடைக்காதென்று தெரிந்தும், "பாக்கறேன்ப்பா," என்றாள்.