பதினோரு வலது கன்னங்கள்

பதினோராவது குழந்தையின் கன்னத்திலும் அதே சிவப்பு வட்டம். அதன் மேல் கடுகு கடுகாகக் கொப்புளம்.

மழலையர் வகுப்பு மிஸ் பதினோரு பேரையும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். வெளியே தாய்மார்கள் கேட்டை உலுக்கிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை வகுப்புக் கதவுக்குத் தாழ் போட்டு, தாழுக்கு ஒரு நாற்காலியும் நாற்காலிக்குத் தன்னையும் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

குழந்தைகள் டாக்டர் ஒரு கண்ணாடி டம்ளரைச் சிவப்பின் மேல் அழுத்திப் பார்த்தார். “அழுத்துனா நிறம் மறையுது. நல்லது.”

“மறையலேன்னா டாக்டர்?”

“இந்நேரம் ஆம்புலன்ஸ்ல இருப்போம்.”

மிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“ஒட்டுவாரொட்டியா?” தலைமையாசிரியை கேட்டார், கேட்கும்போதே கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு.

“காய்ச்சல் இல்ல. வாய்க்குள்ள இல்ல, முதுகுல இல்ல. பதினோரு பேருக்கும் வலது கன்னத்துல மட்டும். எந்தக் கிருமியும் இப்படி இடம் பாத்து உட்காராது மேடம். எதுவோ மேல பட்டிருக்கு.”

“வெள்ளிக்கிழம நல்லாத்தானே வீட்டுக்குப் போனாங்க,” என்றார் மிஸ்.

“கழுவிட்டுக் களிம்பு போட்டா ஆறிடும். ஆனா எது பட்டுச்சுன்னு தெரியாம விட்டா மறுபடி வரும். கண்ணுல பட்டா வம்பு.”

கண் என்றதும் ஒரு பொடியன் உதட்டைப் பிதுக்கினான். மிஸ் அவனை மடியில் இழுத்துக்கொண்டு, பையிலிருந்து புது ஸ்டார் அட்டையை எடுத்தார். அதில் முதல் வரிசை மட்டும் காலி. ஒரு தங்க ஸ்டாரை உரித்து, நல்ல கன்னமாகப் பார்த்து ஒட்டிவிட்டார். பையன் அடங்கினான்.

வகுப்பில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது ஆள் மூலையில் நின்றாள், கன்னம் இரண்டும் துடைத்து வைத்த தட்டு மாதிரி. பள்ளிக்கூடம் வைத்த பெயர் வாலு. தண்ணீர்த் தொட்டியில் தவளை விட்டவள். தலைமையாசிரியையின் நாற்காலியில் பசை தடவி, அவரை மதியம்வரை எழுந்திருக்க விடாதவள்.

“இவதான் செஞ்சிருப்பா, டாக்டர்,” என்றார் தலைமையாசிரியை. “நாற்காலியில தடவுன கைக்குக் கன்னத்துல தடவத் தெரியாதா? என்னத்தடி தேச்சே?”

“நான் ஒண்ணும் தேய்க்கல.”

“எல்லாருக்கும் வந்திருக்கு, உனக்கு மட்டும் வரல. அது எப்படி?”

“சொல்லிடும்மா,” மிஸ் கெஞ்சினார். “புள்ளைங்க கண்ணு போயிடும்டா கண்ணு.”

“சொல்லலேன்னா கேட்டைத் திறந்து அத்தன அம்மாக்கள் கையிலயும் உன்னை ஒப்படைச்சிடுவேன். அதோட உன் பள்ளிக்கூடமும் முடிஞ்சுது,” என்றார் தலைமையாசிரியை.

தவளைக்கே அஞ்சாத வாலு அன்றைக்குத்தான் நடுங்கினாள். கேட் மறுபடி அதிர்ந்தது.

டாக்டர் அவள் எதிரே மண்டிபோட்டார். “நீ தேய்க்கலேன்னே வெச்சுக்குவோம். அவங்க எல்லாருக்கும் கிடைச்சு, உனக்குக் கிடைக்காதது ஏதாவது உண்டா? யோசிச்சுச் சொல்லு.”

வாலு யோசிக்கவே இல்லை. மிஸ்ஸின் பையையே பார்த்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

“வெள்ளிக்கிழம எல்லார் கன்னத்துலயும் ஸ்டார் ஒட்டுனீங்களே மிஸ், எனக்கு மட்டும் ஒட்டல.”