காதுக்குள் ஒருவன்

அந்தக் குரலைக் கேட்காமலேயே அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

வழிகாட்டி யாரும் இல்லாமல் நாமே நடந்து பழைய பேட்டையைச் சுற்றிப் பார்க்க உதவும் ஒலிப்பதிவு அது. மனைவி இயர்போனை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். இருபது வருடத்தில் அவள் முகத்தில் இப்படியொரு சிரிப்பை அவர் பார்த்ததில்லை.

“இந்த மஞ்சள் கட்டடம் அச்சகமா இருந்தது. மழை வந்தா முதல்ல காகிதத்தைத்தான் உள்ள கொண்டுபோவாங்க. ஆளுங்க நனைஞ்சா பரவாயில்லை!” என்றாள்.

“ஓஹோ.”

“அந்தச் சின்ன ஜன்னல் பக்கத்துல உட்காரப் பொண்ணுங்களுக்குள்ள அடிதடியே நடக்கும். முதலாளி வர்றது அங்கேருந்துதான் தெரியும்.”

கதை சுவாரஸ்யமாகத்தான் இருந்தது. அதனாலேயே அவருக்கு வயிறு இன்னும் எரிந்தது.

“எவனோ திரும்புன்னா திரும்புற, நில்லுன்னா நிக்கிற. நான் சொல்லி என்னிக்காவது கேட்டிருக்கியா? கொடு இப்படி, அவன் குரல்ல அப்படி என்ன தேன் வடியுதுன்னு பார்க்கறேன்!”

பிடுங்கித் தன் காதில் வைத்தார். சத்தமே இல்லை.

“போன் முதல் தெருவுலயே ஆஃப் ஆயிடுச்சு. சார்ஜ் போடுங்கன்னு நேத்தே சொன்னேன், காதுல வாங்கினீங்களா?”

“அப்ப இவ்வளவு நேரம் நீ சொன்னதெல்லாம்?”

“கல்யாணத்துக்கு முன்னாடி ஆறு வருஷம் இந்த அச்சகத்துலதான் வேலை பார்த்தேன். நூறு தடவை சொல்லியிருக்கேன். எவனோ சொல்றான்னு நினைச்சதாலதான் இன்னிக்கு முழுசா கேட்டீங்க.”