எப்படி என்று கேட்டால்

சுவரில் எல்லார் வாக்கியத்துக்கும் ஸ்டார் ஒட்டியிருந்தது. அவருடைய மகளின் வாக்கியத்துக்கு மட்டும் இல்லை.

அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்த அப்பா, மூன்றாம் வகுப்பின் சுவர் முன்னால் நின்று அதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். ஸ்டார் கிடைத்ததா என்று நேற்று மகளைக் கேட்டதற்கு, அவள் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டியிருந்தாள். அப்போதே முடிவு செய்துவிட்டார், ஒரு கை பார்த்துவிடுவது என்று.

மதிய இடைவேளை. பிள்ளைகள் எல்லாம் வெளியே கத்திக்கொண்டிருந்தார்கள். மகள் மட்டும் டீச்சரின் மேசை ஓரமாக நின்று, சீருடையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

வினையடைப் பாடம். வகுப்பிலேயே பிள்ளைகள் சொந்தமாக ஒரு சின்ன வாக்கியம் யோசித்து, இரண்டு நீல அட்டைகளில் எழுத வேண்டும். யார் என்பது ஒன்றில், என்ன செய்தார் என்பது இன்னொன்றில். எப்படிச் செய்தார் என்பதை வீட்டில் சிவப்பு அட்டையில் எழுதிக்கொண்டு வந்து நடுவில் செருக வேண்டும். வீட்டில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று டீச்சரே சொல்லியனுப்பியிருந்தாள்.

அன்று வீட்டில் மகள் சிவப்பு அட்டையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சொல் வரவில்லை. அவர்தான் போனை ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எத்தனை வீட்டில் அப்பாக்கள் உட்காருகிறார்கள்?

வாக்கியத்தைச் சொல்லச் சொன்னார். மென்று விழுங்கிச் சொன்னாள். எப்படி, எப்படி என்று கேட்டுப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவே இல்லை. கடைசியில் தானே ஒரு நல்ல சொல்லாகப் பிடித்து, ஸ்கெட்ச் பேனாவால் குண்டு குண்டாக எழுதியும் கொடுத்தார்.

அதற்கு இதுதான் மரியாதை!

மற்ற பிள்ளைகள் என்னதான் எழுதிக் கிழித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் படித்தார்.

'ஆடு அழகாகத் தின்றது.' ஆடு அழகாகத் தின்னுமாம். அதற்கு ஒரு ஸ்டார்.

'மாமா டிரைவராக ஓட்டுவார்.' 'ஆக' என்று முடிந்தால் போதும் போலிருக்கிறது. அதற்கும் ஒரு ஸ்டார்.

'நாய் லொள்லொள் என்று குரைத்தது.' நாய் வேறு எப்படிக் குரைக்கும்? அதற்கு இரண்டு ஸ்டார்!

கண்டவன் வீட்டுப் பிள்ளை உளறியதெல்லாம் வினையடை. தன் பிள்ளை கொண்டுவந்தது மட்டும் கிள்ளுக்கீரையா?

"எப்படின்னு கேட்டா பதில் வருதா இல்லையா டீச்சர்? வருதுல்ல? அப்ப அது வினையடைதானே! எதுக்கு என் பொண்ண மட்டும் ஒதுக்குறீங்க?"

அவர் குரல் ஏறியதில் வாசலில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் நின்று எட்டிப் பார்த்தார்கள். மகள் பொத்தானை விட்டுவிட்டாள்.

டீச்சர் சின்ன வயதுக்காரி. பதிலுக்குக் கத்துவாள், இல்லாவிட்டால் கண்ணைக் கசக்குவாள் என்று அவர் எதிர்பார்த்தார். இரண்டுக்கும் ஆயத்தமாகத்தான் வந்திருந்தார்.

டீச்சர் இரண்டையும் செய்யவில்லை. எழுந்து சுவரருகே போனாள். மகளின் வாக்கியத்திலிருந்து சிவப்பு அட்டையை மட்டும் உருவினாள். கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். அவளுக்குப் பயமில்லை, கோபம் என்று அவருக்கே தெரிந்தது.

"வாக்கியம் அவளோடது சார். இந்தச் சொல் மட்டும்தான் உங்களோடது."

அவர் குனிந்து பார்த்தார். அவருடைய குண்டு எழுத்துதான். 'அன்பாக.'

சுவரில் நீல அட்டைகள் இரண்டும் அப்படியே இருந்தன. கோணல்மாணலான எழுத்தில் ஒன்றில் 'அப்பா.' மற்றதில் 'அடிப்பார்.'

பெற்ற பிள்ளையை அன்பில்லாமலா அடிப்பார்கள் என்று கேட்க அவர் வாயைத் திறந்தார்.

"நான் சும்மாதான்பா எழுதினேன்," என்றாள் மகள், டீச்சரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு.